அத்தாப்பு உள்ளவனுக்கு மட்டும்தானா?

வீடுகளுக்கான எரிசக்தி உதவித் திட்டங்களை வகுக்கும் மலேசிய அதிகாரிகளுக்கு,

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தண்ணீர் வெட்டு, டெங்கிக்குப் புகையடிக்கும் நாள், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டு எண்கள் எல்லாம் அதில்தான் தொங்கும். சென்ற ஜனவரியில் அவற்றுக்கு நடுவே ஒரு வண்ணத்தாள் முளைத்தது. சோலார் அத்தாப் திட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது, உங்கள் கூரையிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. ஏதோ ஒரு விற்பனை ஆள் ஒட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். வந்தவர் அண்ணாந்து பார்த்திருந்தால் பத்து மாடியைப் பார்த்திருப்பார், ஒட்டியிருக்க மாட்டார்.

அதைப் படித்துக்கொண்டிருந்த ஏழாம் மாடி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதுல நமக்கு என்ன கிடைக்கும்?"

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருஷம் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் சம்பந்தமாக இந்த பிளாக்கில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நிர்வாகக் குழுவிலும் ஆறு வருஷமாக இருக்கிறேன். அன்றைக்கு அக்காவிடம் நான் சொன்ன பதில், "ஒண்ணும் கிடைக்காதுக்கா." அவர் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். அவருக்கு அது புதிதில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த மடல் அதன் விளைவு.

அத்தாப் என்றால் மலாயில் கூரை. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அத்தாப்பு என்றால் நிப்பா ஓலை. என் தாத்தா இருந்த லயத்து வீட்டுக்கு அதுதான் மேலே. மழைக்கு ஒழுகும், கொசு அடையும். இருந்தாலும் அண்ணாந்து பார்த்தால் தெரிவது அவர் வீட்டு அத்தாப்பு. தோட்டம் துண்டாடப்பட்டு, அப்பா பட்டணத்துக்கு வந்து, நான் கடன் கட்டி வாங்கிய ஜெலுத்தோங் மலிவு விலை வீட்டில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது மேல்வீட்டுக்காரரின் தரை. 160 குடும்பங்களுக்கு ஒரே கூரை, அதுவும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், 757-ஆம் சட்டம், அதை நிர்வாகக் குழுவின் பொறுப்பில் வைத்திருக்கிறது. நான் தனியாக அங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அது சரியான சட்டம்தான். ஆளாளுக்கு ஆணி அடித்தால் என்ன ஆகும் என்று குழுவில் இருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். என் கேள்வி வேறு. கூரையை நம்பி உதவித்தொகை எழுதியவர்கள், கூரையைப் பங்குபோட்டு வாழ்கிறவர்களை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?

கைக்கு எட்டிய கணக்கோடு பேசுகிறேன்.

2024 ஏப்ரலில் சோலாரிஸ் என்ற அரசு உதவித்தொகை வந்தது. நெம் ரக்யாட், அதாவது கூரையில் எடுத்த மிச்ச மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் திட்டம், அதில் ஒதுக்கீடு கிடைத்த வீட்டுக்காரர் சோலார் பொருத்தினால் கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்), உச்சமாக 4,000 வெள்ளி ரொக்கமாகத் திரும்ப வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் தரைவீடு வைத்திருக்கும் என் தங்கை மகனுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். விற்க வந்த பையன், "பேனல் 5 கிலோவாட்டுக்கு மேல சார், 5,000 வரும்" என்றான். உதவித்தொகைக் கணக்கு பேனல் அளவில் இல்லை, இன்வெர்ட்டர் வெளியே தள்ளும் மாறுமின்னோட்ட அளவில். மருமகன் வீட்டு இன்வெர்ட்டர் 4 கிலோவாட். 4,000 தான் வரும், உச்ச வரம்பும் அதுதான். விதிமுறையில் கிலோவாட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, மாறுமின்னோட்டத்தைக் குறிக்கும் 'ஏசி' என்ற இரண்டெழுத்தை அந்தப் பையன் ஏர்கான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. விற்கிறவனுக்கே புரியாத ஒரு தாளை வாங்குகிறவன் எப்படிப் புரிந்துகொள்வான்?

மொத்தச் செலவு 22,000 வெள்ளி. பொருத்தி, மீட்டர் மாற்றி, மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகே அந்த 4,000 வங்கிக்கு வந்தது. அதுவரை முழுத்தொகையையும் கிரெடிட் கார்டில் தவணை போட்டுத் தாக்குப்பிடித்தான். 390 வெள்ளி வந்துகொண்டிருந்த பில் நூறுக்கு இறங்கியது. மாதம் 290 வெள்ளி மிச்சம். அந்த வேகத்தில் கைப்பணம் 18,000-உம் ஐந்து வருஷம் இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். பேனல் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். நல்லது. அவன் நன்றாக இருக்கட்டும். என் சொந்த மருமகன், எனக்கென்ன வயிற்றெரிச்சல்?

இப்போது ஏழாம் மாடி அக்காவின் கணக்கு.

வயது 68. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறார். கணவர் இறந்து ஒன்பது வருஷம். 2021-இல் சேவ் 2.0 என்ற அரசுக் கழிவுத் திட்டம் வந்தபோது, நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் போட்ட ஐஸ்பெட்டி வாங்கினால் 200 வெள்ளி கழிவு என்று வானொலியில் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவர் வீட்டு ஐஸ்பெட்டி அப்போதே பதினைந்து வயது தாண்டியது. கதவு ரப்பர் கிழிந்து, துணியைச் செருகி வைத்திருந்தார். இருவரும் கடைக்குப் போனோம். மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். அக்காவுக்கு ஏது மின்னஞ்சல்? என்னுடையதைக் கொடுத்தேன். மின்கணக்கு எண் கேட்டார்கள். பில்லில் இருந்தது இறந்துபோன அத்தானின் பெயர், அடையாள அட்டையில் அக்காவின் பெயர். கடைப்பையன் தயங்கினான். கேட்டுச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றான். பெயர் மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழ் தேட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், ஒருநாள் கூலி போகும். எல்லாம் முடித்து நாங்கள் திரும்பிப் போனபோது கழிவு தீர்ந்துவிட்டது என்றார்கள். உண்மையிலேயே தீர்ந்ததா, கடைக்காரருக்கு அலுத்துவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு வழியும் இல்லை. இன்னும் எத்தனை வெள்ளி மீதம் என்று பார்ப்பதற்கு ஒரு பலகை அந்தக் கடையிலும் இல்லை, வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அந்தச் சுற்றுக்கு ஒதுக்கிய தொகை 3 கோடி வெள்ளி. ஒன்றுக்கு 200 என்று வகுத்தால், நிர்வாகச் செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை லட்சம் வீடுகள். தீபகற்பத்தில் மின்கணக்குகள் 90 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய அறுபதில் ஒன்று. முந்தியவருக்கே முன்னுரிமை என்று வைத்தால் யார் முந்துவார்கள்? கையில் 1,300 வெள்ளி ரொக்கமும், நல்ல கைப்பேசியும், தன் பெயரில் மின்கணக்கும் வைத்திருப்பவர் முந்துவார். பழைய ஐஸ்பெட்டியை மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கு அதிகமோ அவர் வரிசையில் கடைசியில் நிற்பார். 2011-இல் தொடங்கிய சேவ், 2024-இல் 4.0 வரை வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் எண் கூடுகிறது. முந்தியவருக்கே என்ற வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, கழிவு கிடைத்தேயிருந்தாலும் அக்காவுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? சென்ற மாதம் என் பழைய அளவுமானியை அந்த ஐஸ்பெட்டியின் பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். ஆம், அதே பெட்டிதான் இன்னும் ஓடுகிறது. 24 மணி நேரத்தில் 3.1 யூனிட். மாதம் 93. கடையில் ஐந்து நட்சத்திர லேபிள் ஒட்டிய இரட்டைக் கதவுப் பெட்டியைப் பார்த்தேன், ஆண்டுக்கு 252 யூனிட் என்று போட்டிருக்கிறது, மாதம் 21. வித்தியாசம் 72 யூனிட். அக்கா வீட்டில் மொத்தமே 210 யூனிட்தான் ஓடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிழிந்த ரப்பர் வழியாக வெளியே போகிறது.

2025 ஜூலை 1-இல் மாறிய கட்டணப்படி உற்பத்தி, கொள்ளளவு, வலையமைப்பு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு, மாத மொத்தத்தைப் பொறுத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் சிக்கனச் சலுகை கழியும்: 200 யூனிட் வரை 25 சென், 201-இலிருந்து 250 வரை 24.5 சென், இப்படிக் குறைந்துகொண்டே போய் 1,000 யூனிட்டைத் தாண்டினால் சலுகையே இல்லை. இதன்படி அக்காவின் இப்போதைய பில் 41 வெள்ளி 85 சென். புதுப்பெட்டி வந்தால் 138 யூனிட்டுக்கு 26 வெள்ளி 81 சென். மிச்சம் 15 வெள்ளி. 1,299 வெள்ளிப் பெட்டிக்கு 200 கழித்து 1,099 கொடுத்தால், போட்ட பணம் திரும்ப ஆறு வருஷம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 22,000 வெள்ளி புரட்ட முடிந்த மருமகனுக்கு 4,000 வெள்ளி உதவி, மாதம் 290 வெள்ளி மிச்சம். 1,300 வெள்ளி புரட்ட முடியாத அக்காவுக்கு 200 வெள்ளி உதவி, அதுவும் கைக்கு வராத உதவி, வந்தாலும் மாதம் 15 வெள்ளி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை இது. மின்சாரம் அதிகம் எரிக்கிறவரிடம்தான் மிச்சப்படுத்தவும் அதிகம் இருக்கும், அது இயற்பியல். ஆனால் உதவித்தொகை என்பது அந்த மேட்டையும் பள்ளத்தையும் கண்டு வகுக்கப்பட வேண்டியது. நீங்கள் வகுத்தது மேட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது.

இங்கே உங்களைப் பாராட்டவும் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன சிக்கனச் சலுகைக்கு அக்கா எந்தப் பாரமும் நிரப்பவில்லை. மின்னஞ்சல் கேட்கவில்லை. பில் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்திருந்தாலும் கழிந்திருக்கும். 600 யூனிட்டுக்குக் கீழே இருப்பதால் மாதம் 10 வெள்ளிச் சில்லறைக் கட்டணமும் அவருக்கு இல்லை. மீட்டர் சொன்னதைக் கணினி கேட்டது, அவ்வளவுதான். அதேபோல இ-காசே பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணம் கழிகிறது. ஆகவே யார் ஏழை, யார் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று அரசுக்குத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பில்லைக் குறைக்கத் தெரிந்த அந்தக் கை, ஐஸ்பெட்டி என்று வந்ததும் ஏன் முடங்கிவிடுகிறது?

இனி கூரைக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான்.

எங்கள் பிளாக்கில் இரண்டு லிஃப்ட், இரண்டு தண்ணீர்ப் பம்பு, பத்து மாடிக்கும் நடைபாதை விளக்குகள். இவற்றின் பில் மாதம் 2,400 வெள்ளியைச் சுற்றி வருகிறது. இந்தக் கணக்கு வீட்டுக் கணக்கு இல்லை, வீடல்லாத வகையில் வருகிறது. 160 குடும்பங்கள் தண்ணீர் குடிக்கவும் படுக்கைக்குப் போகவும் ஓடுகிற மின்சாரம் உங்கள் ஏட்டில் வீடு இல்லை. அதனால் வீட்டுக்காரருக்கு உள்ள சிக்கனச் சலுகையும் அதற்குக் கிடையாது, சோலாரிஸும் அதைத் தொடவில்லை. பத்தில் மூன்று வீடு பராமரிப்புக் கட்டணம் பாக்கி. பாக்கி ஏறினால் பில் நிற்கும், பில் நின்றால் லிஃப்ட் நிற்கும். ஒன்பதாம் மாடியில் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு தாத்தா இருக்கிறார். லிஃப்ட் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை அவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினோம். அதை எழுதி உங்கள் மனத்தை உருக்குவது என் நோக்கமில்லை. 2,400 வெள்ளி என்பது என்ன என்று புரிவதற்காகச் சொன்னேன்.

சோலாரிஸ் நடப்பில் இருந்த காலத்தில் எங்கள் குழு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. மொட்டை மாடி சமதளக் கான்கிரீட், பக்கத்தில் உயர்ந்த கட்டடம் இல்லை, நிழல் விழாது, 30 கிலோவாட்டுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, உதவி உண்டா என்று கேட்டோம். மூன்று மாதம் கழித்து வந்த பதில் ஒரே வரி: பொருத்திக்கொள்ளத் தடையில்லை, உதவித்தொகை தனிநபர் வீட்டுக் கணக்குகளுக்கு மட்டும். தடையில்லை! என் மகள் சந்திர மண்டலத்துக்குப் போகவும்தான் தடையில்லை.

சோலார் வைத்தால் பகலில் மட்டும்தானே, லிஃப்ட் ராத்திரியும் ஓடுமே என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் சொல்லச் சார்ஜ்மேன் போதும், பொறியாளர் வேண்டாம். எங்கள் பம்பு இப்போது அதிகாலையிலும் மாலையிலும் தொட்டியின் மிதவை சொல்கிறபடி ஓடுகிறது. ஒரு டைமர் வைத்து, தொட்டியைக் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் நிரப்பும்படி மாற்றிவிட்டால், வெயில் நேரத்துக் கரண்ட் தண்ணீராக மேலே போய் நிற்கும். ராத்திரிக்கு அது தானாகக் கீழே இறங்கும். மொட்டை மாடித் தொட்டிதான் எங்கள் பேட்டரி. அது ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. நாங்கள் வெளியே விற்க வேண்டிய மிச்சம் அதிகம் இருக்காது. சோலார் அத்தாப் திட்டத்தில் கழிபடாத மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகாது என்கிறீர்கள், எங்களைப் போன்ற கட்டடத்துக்கு அந்த விதிகூட அவ்வளவு வலிக்காது. ஆளில்லாத தரைவீட்டுக் கூரையைவிட, பகல் முழுக்கப் பம்பும் லிஃப்டும் ஓடுகிற அடுக்குமாடிக் கூரைதான் சோலாருக்குப் பொருத்தம். திட்டம் எழுதியவர்கள் இதை ஒரு சார்ஜ்மேனிடம் கேட்டிருக்கலாம்.

எங்களுக்கு வந்த விலைப்பட்டியல் 100,000 வெள்ளி. வீட்டுக்கு 625. பராமரிப்புக் கட்டணமே பாக்கி இருக்கிற இடத்தில் அதைக் கேட்டால் கதவு திறக்காது.

ஆனால் இதே பினாங்கில், இதே பிளாக்கில், கதவு திறந்ததும் உண்டு. மாநில அரசின் 80 விழுக்காடு பராமரிப்பு நிதி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலிவு விலை அடுக்குமாடிகளில் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை பழுது போன்ற பெரிய வேலைகளுக்கு 80 பங்கு வரை அரசு, மீதி குடியிருப்பவர்கள். எங்கள் லிஃப்ட் வேலை அப்படித்தான் நடந்தது. 20 பங்கைத் திரட்ட வீடு வீடாக ஏறினேன். மூன்றாம் மாடி மலாய்க்காரப் பாட்டி நாணயமாக எண்ணிக் கொடுத்தார், ஐந்தாம் மாடிச் சீனர் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கட்டினார். ஏழாம் மாடி அக்கா இரண்டு தவணை. பணம் சேர்ந்தது, ஏனென்றால் தன் பங்கு எவ்வளவு, எதற்கு, எப்போது என்று எல்லோருக்கும் புரிந்தது. அதே 80-க்கு 20 கணக்கை இந்தச் சோலாருக்குப் போட்டால் வீட்டுக்கு 125 வெள்ளி. அதை நான் திரட்டித் தருகிறேன். ஆறு வருஷக் குழு அனுபவத்தில் சொல்கிறேன், திரட்ட முடியும்.

பத்தாம் மாடியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வீடுகளின் உட்கூரையில் வெப்பமானியைக் காட்டினேன், 41 பாகை. ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அங்கே ஏர்கான் ஆடம்பரமில்லை, பச்சைக் குழந்தை தூங்க வேறு வழியில்லை. ஏர்கானுக்கு நட்சத்திரம் பார்த்துக் கழிவு தந்த சேவிலும் சரி, சோலாரிஸிலும் சரி, அந்த ஏர்கானே தேவைப்படாமல் செய்கிற வெப்பத்தடுப்புக்கோ வெள்ளைப் பூச்சுக்கோ ஒரு சென் இல்லை. அதேநேரம் வீட்டில் மின்கார் சார்ஜர் வைக்கிறவருக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரிச் சலுகை இருக்கிறது. எங்கள் பிளாக்கில் மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடம் போதாது.

2050-க்குள் மின்கொள்ளளவில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று 2023-இன் எரிசக்தி மாற்றப் பாதை சொல்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சியே. அந்தப் பாதையில் எங்களுக்கும் நடக்க இடம் வேண்டும் என்பதற்காகக் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன். அக்டோபரில் வரவுசெலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன் பதில் வேண்டும்.

முதலாவதும் முக்கியமானதும்: அடுக்குமாடிகளின் பொதுக் கணக்கை உதவித்தொகைக்கு வீட்டுக் கணக்காக எண்ணுங்கள். ஒரு தரைவீட்டுக்கு 4,000 வெள்ளி கொடுக்க முடிந்த அரசு, 160 வீடுகள் சேர்ந்த ஒரு கூரைக்கு வீட்டுக்கு 500 கொடுத்தால்கூட 80,000 ஆகிறது. நான் மேலே கேட்ட 80 பங்கு அதுதான். மலிவு விலை, நடுத்தர மலிவு விலை அடுக்குமாடிகளில் இருந்து தொடங்குங்கள். பணத்தை முன்கூட்டி நிறுவனத்திடம் நேரடியாகக் கட்டுங்கள். எங்கள் குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லவில்லை, பொருத்தி முடித்த பிறகு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்து, எஸ்டிஆர் (குறைந்த வருமானத்தவருக்கான ரொக்க உதவி) அல்லது இ-காசே பட்டியலில் இருக்கும் வீடுகளுக்குக் கழிவுச்சீட்டை நிறுத்திவிட்டு, பழைய ஐஸ்பெட்டியைக் கொடுத்துப் புதியதை வாங்கும் மாற்றுத் திட்டம் கொண்டுவாருங்கள். பத்து வயது தாண்டிய பெட்டி, 250 யூனிட்டுக்குக் குறைவான வீடு, இந்த இரண்டு நிபந்தனை போதும். பழைய பெட்டியை நீங்களே எடுத்துப்போய் அதன் வாயுவை முறையாக இறக்குங்கள். இல்லாவிட்டால் அது பழைய சாமான் கடை வழியாக இன்னொரு ஏழையின் வீட்டுக்குத்தான் போகும், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரிடம் மறுபடி வருமானச் சான்று கேட்காதீர்கள். மின்கணக்கு இறந்த துணையின் பெயரில் இருந்தால், அதே முகவரியில் உள்ள அடையாள அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மேல்மாடி வீடுகளின் கூரைக்கு வெப்பத்தடுப்பையும் வெள்ளைப் பூச்சையும் உதவிக்குரிய வேலையாகச் சேருங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே ஒரு பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் துண்டறிக்கை வேண்டும். அதன் முதல் வரி, இந்த உதவி யாருக்குக் கிடைக்காது என்பதாக இருக்கட்டும். இரண்டாவது வரி, கையிலிருந்து முதலில் எவ்வளவு போட வேண்டும் என்பதாக இருக்கட்டும். மீதியைப் பிறகு அச்சிடுங்கள். சமூக மண்டபத்திலோ பிளாக்கின் கீழ்த்தளத்திலோ மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை, ஒரு நாற்காலி, பாரம் நிரப்பித் தர ஓர் ஆள். இன்னொரு நாற்காலியில் நான் சம்பளமில்லாமல் உட்காரத் தயார்.

ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு மீதம் என்பதை ஒவ்வொரு வாரமும் வெளியிடுங்கள். முடிந்த சுற்றுகளில் தரைவீட்டுக்கு எவ்வளவு போனது, அடுக்குமாடிக்கு எவ்வளவு போனது என்பதையும் வெளியிடுங்கள். நான் மேலே சொன்னது தவறென்று அந்த எண்கள் காட்டினால், இதே பலகையில் மன்னிப்புக் கேட்டு நானே தாள் ஒட்டுகிறேன்.

நேரில் பார்க்க வருவதானால் வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு வாருங்கள். மொட்டை மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. பத்தாம் மாடி வரை லிஃப்ட் போகும், அதற்கு மேல் ஓர் இரும்பு ஏணி. போகிற வழியில் ஏழாம் மாடியில் இறங்கி அந்த ஐஸ்பெட்டியின் கதவையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். மெல்ல மூடுங்கள், துணி விழுந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சார்ஜ்மேன்,
ஜெலுத்தோங், பினாங்கு